பத்து நிமிட நடிப்பு

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் ஊர். நான் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சீசன் நேரத்தில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலேயும் பட்டாசு செய்தோம். தப்புதான், தெரிந்தேதான் செய்தோம்.

அன்று காலை என் அண்ணன் மனைவி, மதினி, ஒத்தாசைக்கு வந்திருந்தார். பவுடரை அள்ளும்போது குப்பென்று பிடித்துக்கொண்டது. அவருக்கு முகமும் கையும் வெந்து, கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. அவசர அவசரமாக அவர் கையில் இருந்த பவுடரைக் கழுவி, மேலே ஒரு சேலையைப் போர்த்தி, ஆட்டோவில் ஏற்றினேன்.

"கேஸ் அடுப்புன்னே சொல்லு. உண்மை தெரிஞ்சா என்னைய உள்ள போட்டுருவாக" என்று என் வீட்டுக்காரர் ஆட்டோவுக்குள் தலையை விட்டுச் சொன்னார். வழியெல்லாம் அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சினிமாவை விட்டு டாக்டருக்குப் படிக்கப் போன நடிகை! முன்பு ஒரு சீசன் முழுக்க அவர் சிரிக்கிற படத்தை மத்தாப்புப் பெட்டிகளில் ஒட்டியவள் நான். நர்ஸிடம் போய், "வேற டாக்டர் இல்லியாம்மா? இவுக நடிகையில்ல?" என்று கேட்டேன். டாக்டர் காதில் விழத்தான் செய்தது. கண்டுகொள்ளவே இல்லை.

கைப்புண்ணைத் துடைத்தபடியே, "எப்படி ஆச்சு?" என்றார்.

"கேஸ் அடுப்பு பிடிச்சிருச்சும்மா."

மறுபடி கேட்டார். நான் அழுதுகொண்டே அடுப்பு, டியூப், தீக்குச்சி என்று அளந்துவிட்டேன். மதினி வலியில் முனகினாரே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

டாக்டர் சட்டென்று என் கையைப் பிடித்துத் திருப்பினார். மதினி கையைக் கழுவிய நான் என் நகங்களை மறந்திருந்தேன். பத்திலும் அலுமினியப் பவுடர் மினுங்கியது.

"அக்கா, நடிப்பு நான் பார்த்த வேலை. இப்ப நீங்க நடிக்காதீங்க. இவங்க கண்ணுக்குள்ள பவுடர் போயிருக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

மனதில் வீட்டுக்காரர் முகம் ஒரு பக்கம், எதிரே மதினியின் கண் ஒரு பக்கம். "போயிருக்கும்மா, பட்டாசுப் பவுடர்" என்றேன்.

உடனே இமையை விரித்துத் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். டாக்டர் நகரவே இல்லை. நான் வராந்தாவில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அல்லாடினேன்.

போலீஸ் வந்தது. வீட்டுக்காரர் மேல் போட்ட கேஸ் இன்னும் நடக்கிறது. மதினிக்கு வலது கண் தப்பியது, இடது கண்ணில் மங்கல் நின்றுவிட்டது. "வந்ததுமே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார் டாக்டர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதினி இன்றுவரை என்னிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால், "இதக் கொஞ்சம் கோத்துக் குடு தாயி" என்று ஊசியையும் நூலையும் அவர் நீட்டும்போதெல்லாம், நான் நடித்த அந்தப் பத்து நிமிடம் என் விரலுக்கு வந்துவிடுகிறது. ஒரு தடவைகூட நூல் முதல் முயற்சியில் நுழைந்ததில்லை.