ஒரே பேர்ல ரெண்டு வரி

மணமேல்குடி கடைத்தெருவுல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு வீட்ல சொல்லுவாங்க. வரத்தான் செய்யுது, என்ன பண்றது?

போன வருசம் கண் சிகிச்சை முகாம் நடத்துற சார் வாட்ஸ்அப்ல ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார். கட்டுமாவடியில கண்ணைச் சோதிச்சு, புரை எடுக்கணும்னு முடிவானவங்களோட லிஸ்ட். அந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி செல்போன்லயே அடிச்சது. திறந்து பார்த்தா, அடக் கண்றாவியே! இங்கிலீஷ்ல ஒரு பேரு முழுக்கப் பெரிய எழுத்து, அடுத்தது முழுக்கச் சின்ன எழுத்து, இன்னொண்ணுக்கு நடுவுல மட்டும் பெரிசு. ஆஸ்பத்திரியில முதல் எழுத்து மட்டும் பெரிசா, எல்லாம் ஒரே மாதிரி வேணும்னு கேட்டிருந்தாங்க.

அதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. பக்கத்துல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு காலி காலம் சேர்த்து, முதல் எழுத்தை மட்டும் பெரிசாக்குற ப்ராப்பர்னு ஃபார்முலா போட்டு, கடைசி வரைக்கும் இழுத்து விட்டா போதும். பேரெல்லாம் குளிச்சுத் தலைசீவின பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்கும். அதைக் காப்பி பண்ணிப் பழைய இடத்துல வேல்யூவா ஒட்டிட்டு, சேர்த்த காலத்தை அழிச்சுட்டா முடிஞ்சுது. டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டேன்.

அப்பத்தான் அது கண்ணுல பட்டுச்சு. அடுத்தடுத்து ரெண்டு வரியில ஒரே பேரு. அதே இனிஷியல், அதே தெரு, அதே போன் நம்பர். வயசுல மட்டும் ரெண்டு வித்தியாசம். நம்ம ஆளுங்க வயசை ஒவ்வொரு தடவை ஒவ்வொண்ணு சொல்றது புதுசா? ஒரு வரியில வலது கண்ணுன்னு இருந்துச்சு, இன்னொண்ணுல இடது கண்ணு. ஓ, ஒரே ஆளை ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா ஏத்தி வச்சிருக்கா இந்தப் புண்ணியவதின்னு நெனச்சேன். ஒரு தடவைக்கு ஒரு கண்ணுதான் ஆபரேஷன் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது வரியைத் தூக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம். கேக்கல. எனக்குத் தெரியாததான்னு ஒரு திமிரு.

நாலு நாள் கழிச்சுக் காலையில ஆஸ்பத்திரி வேன் என் கடைக்கு எதுக்கதான் வந்து நின்னுச்சு. முகாம் சார் நான் எடுத்துக் கொடுத்த பிரிண்டை வச்சுப் பேரு கூப்பிட்டார். ஒரு பேருக்கு ரெண்டு பேரு எந்திரிச்சாங்க. ரெண்டு பேரும் அறுபதைத் தாண்டினவங்க, ஒரே ஜாடை.

"நாங்க அண்ணன் தம்பிங்க. எங்க அப்பா ரெண்டு பேருக்கும் குலசாமி பேரையே வச்சுட்டாரு. ஊர்ல பெரியவன், சின்னவன்னு கூப்பிடுவாங்க" அப்படின்னார் அண்ணன்.

கட்டுமாவடிப் பொண்ணுக்கு அப்பத்தான் போன் போட்டேன்.

"அக்கா, அவங்க ரெண்டு பேரை மட்டும் வேணும்னேதான் அப்படி அடிச்சேன். அண்ணன் பேரைப் பெரிய எழுத்துல, தம்பி பேரைச் சின்ன எழுத்துல. இல்லைன்னா எனக்கே குழம்பிரும்க்கா."

நான் அழிச்சது தம்பியோட வரி. அவருக்கு வலது கண்ணு சின்ன வயசுலயே தூண்டில் முள்ளு பட்டுப் போயிருச்சாம். மிச்சம் இருந்தது அந்த இடது கண்ணு ஒண்ணுதான்.

சார்கிட்ட ஓடிப்போய் எல்லார் முன்னாடியும், "தப்பு என்னோடது சார்"னு சொன்னேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். லிஸ்ட்டை வச்சுத்தான் கட்டில் ஒதுக்கியிருக்காங்க, ஒண்ணுகூட அதிகம் இல்லைன்னுட்டாங்க. அதுக்குள்ள வேன்ல ஏறி உக்காந்திருந்த அண்ணன் இறங்கி வந்துட்டார்.

"ஏறுடா."

"நீ போண்ணே. பேரு ஒன்னோடதுதானே இருக்கு."

"ஒன் பேரும் அதுதானேடா, கிறுக்குப் பயலே. எனக்கு இன்னொரு கண்ணு இருக்கு, ஏறு."

தம்பியைத் தோளைப் புடிச்சு ஏத்தி விட்டுட்டார். பிரிண்டுல வலதுங்கிறதை அடிச்சுட்டு இடதுன்னு நான் பேனாவால எழுதினேன். வயசையும் திருத்தினேன். சார் பக்கத்துல கையெழுத்துப் போட்டார்.

வேன் போனப்புறம் அண்ணன் என் கடை பெஞ்சுல உக்காந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நீ யாரைத் தாயி அழிச்சே? அவனையா, என்னையா?"

"தம்பியைத்தான் ஐயா."

"அதை அவன்கிட்டச் சொல்லிப்புடாதே. ஒரு கண்ணு போனதுலேருந்தே பயந்த பய. என்னையத்தான் அழிச்சேன்னு சொல்லிரு."

அன்னைக்குக் கடையை அடைச்சுட்டு உள்ள உக்காந்து அழுதேன்.

அடுத்த முகாம் வர மூணு மாசம் ஆச்சு. அது வரைக்கும் வாரா வாரம் நச்சரிச்சதுல சார் என் நம்பரைப் பார்த்தாலே பயந்தார். அந்த மூணு மாசத்துல அண்ணனோட வலது கண்ணு சுத்தமா மறைஞ்சு போச்சு, இடதும் மங்கிருச்சு. தம்பி கையைப் புடிச்சுத்தான் நடந்தார். புது லிஸ்ட்டும் வழக்கம்போலத் தாறுமாறாத்தான் வந்துச்சு. எல்லாத்தையும் சரி பண்ணினேன், ஒரு வரியைத் தவிர. அதை முழுக்கப் பெரிய எழுத்துலயே விட்டேன். ஆஸ்பத்திரியிலேருந்து, "இது மட்டும் ஏன் இப்படி?"ன்னு கேட்டாங்க. "அப்படியே இருக்கட்டும் சார்"னுட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு, கறுப்புக் கண்ணாடியோட அண்ணனே தனியா பஸ் ஏறி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதுவும் இங்கிலீஷ். அவர் பேரு மட்டும் முழுக்கப் பெரிய எழுத்துன்னு வேன் ஏறுறப்பவே சொல்லியிருந்தேன்.

"அந்த லிஸ்ட்டைத் திற தாயி. நான் எங்கிட்டு இருக்கேன்னு பாப்போம்."

திறந்தேன். நான் காட்டுறதுக்கு முன்னாடியே கண்ணாடியைக் கழட்டி, இடது கண்ணைக் கையால பொத்திக்கிட்டு, மானிட்டர்கிட்டக் குனிஞ்சார். விரல் மேலேருந்து மெதுவா இறங்கி வந்து, சரியா அந்த வரியில நின்னுச்சு.

"இதானே?"