ரோமாபுரியில் மேட்டூர் தண்ணீர்

அரபு நாட்டில் வேலை பார்க்கும் மகன், தன் பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்ததாகச் சொன்னதிலிருந்து நான் டிவியை அணைக்கவே இல்லை. அவன் விட்டுப்போன சட்டையில் அத்தர் மணக்க, மேட்டூர் தண்ணீரை நம்பியிருந்த எங்கள் குத்தாலத்தில் இப்போது வீட்டுமனையாகிவிட்ட பழைய நெல் கிடங்குக்குள், நினைவில் சின்னப் பெண்ணாய்ப் போய்விடுகிறேன். உமி வாசனையும் அத்தரும் கலந்த அந்த இருட்டில், உலக சரித்திரத்தையே கேலி செய்யும் வெள்ளைக்காரப் படங்களை வீடியோவில் போட்டு, சவுதியிலிருந்து திரும்பிய பாய் ரோமாபுரி ராஜாவுக்குத் தானே தமிழில் குரல் கொடுப்பார்.

"ஏன்யா தளபதி, மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சா?"

கிடங்கே சிரிக்கும். சண்டையில் வீரர்கள் சாயும்போது நான் மட்டும் அழுவேன்.

"ஏம்மா அழுவுறே? படம் முடிஞ்சதும் அத்தனை பேரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவாங்க" என்பார் பாய்.

போன் அடித்தது. மகன்தான்.

"என்னம்மா பண்றே?"

டிவியில் அவன் இருக்கும் ஊர் புகைந்துகொண்டிருந்தது.

"படம் பாக்குறேன்டா" என்றேன்.