துண்டுக்குள் ஒன்பது

என் தம்பி மாட்டுத் தரகன். பாப்பிரெட்டிப்பட்டியில் தொடங்கி நல்லம்பள்ளி வரைக்கும் எந்தச் சந்தையில் கேட்டாலும் அவனைத் தெரியும். வாயாலேயே பிழைக்கிறவன் என்று சொந்தக்காரர்கள் அவனைக் கேலி செய்வார்கள். பொய்யில்லை. ஐந்து ஈன்ற பசுவை இரண்டாம் ஈற்று என்று கூசாமல் சொல்வான். கால் நொண்டுகிற மாட்டை நடத்திக் காட்டும்போது, நொண்டல் தெரியாமலிருக்கக் கயிற்றை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. நான் அங்கன்வாடி டீச்சர். உண்மையே பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் இவன் நின்று யாரிடமாவது புளுகிக்கொண்டிருப்பான். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதால் தினமும் இதைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அவன் பொய் சொல்ல மாட்டான். மாட்டுக்கு விலை படிகிற நேரத்தில் இரண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து எண்ணைச் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெளியில் என்ன புளுகு வேண்டுமானாலும் புளுகலாம், துண்டுக்குள் சொன்ன எண்ணை மாற்றக் கூடாது. மாற்றியவனுக்கு அடுத்த வாரம் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். எங்கள் அப்பாவும் தரகர்தான். அதனால் அந்த விரல் கணக்கு சின்ன வயதிலேயே எனக்கும் பழகியிருந்தது.

போன வருடம் தம்பியின் நாக்கு ஓரத்தில் ஒரு புண் வந்தது. புகையிலை அடக்குகிற பக்கம். உடைந்த பல் குத்துகிறது என்று நான்கு மாதம் ஓட்டினான். நான் திட்டின திட்டில் ஒருவழியாகச் சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் அம்மா எங்களை எதிரில் உட்கார வைத்து, காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். நாக்கில் பாதியை எடுக்க வேண்டும். அந்தப் பக்கத் தாடையெலும்பில் ஒரு துண்டை எடுக்க வேண்டும். கழுத்தைத் திறந்து கட்டிகளை எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதையைக் கொண்டுவந்து வாய்க்குள் வைத்துத் தைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்.

"அதுவரைக்கும் இவர் எடை குறையவே கூடாதும்மா. உடம்புல தெம்பு இல்லன்னா மயக்க மருந்து குடுக்க முடியாது. தேதி தள்ளிப் போயிடும். இது தள்ளிப் போடற வியாதி இல்ல" என்றார்.

பிறகு தம்பியைப் பார்த்து, வலியே இல்லை என்றால் சைபர், தாங்கவே முடியாத வலி என்றால் பத்து, உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினான். டாக்டர் அதை எழுதிக்கொண்டு சாதாரண மாத்திரைகளைக் கொடுத்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதி நாக்கை வெட்டப்போகிறேன் என்கிறார்கள், இவன் இரண்டு என்கிறானே! திரும்பி வருகிற பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டேன். சித்திக்குப் போன் போட்டேன், அத்தைக்குப் போட்டேன், பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடமும் சொன்னேன். "எந்தம்பிக்கு வலியே இல்லீங்க. இரும்பு ஒடம்பு." அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் காதைப் பொத்தியிருந்தான். காற்று வீசுகிறது போலிருக்கிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன்.

அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கு எடை பார்க்கிற மெஷின் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவனை வரச்சொல்லி அதில் ஏற்றினேன்.

"மாசமா இருக்கறவங்க ஏறுற மெசின்ல என்னய எதுக்குக்கா ஏத்தற? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஏறு."

ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்திருந்தான். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்து அரைத்துச் சத்துமாவு செய்தேன். அங்கன்வாடி மாவில் கை வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தினம் இரண்டு வேளை சொம்பு நிறையக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வச்சிட்டுப் போக்கா, ஆறட்டும்" என்பான். அடுத்த வேளைக்குப் போனால் சொம்பு காலியாக இருக்கும். அப்படியிருந்தும் அடுத்த தடவை ஏற்றியபோது இன்னும் ஒரு கிலோ குறைந்திருந்தது. எப்படி என்று எனக்கு விளங்கவேயில்லை. ஒருநாள் அவன் வீட்டுக் கன்றுக்குட்டி என்னைப் பார்த்துத் துள்ளிக்கொண்டு வந்தது. அதன் மூஞ்சியெல்லாம் சத்துமாவுக் கஞ்சி.

வந்த ஆத்திரத்துக்கு அவனைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. சொம்பைத் தூக்கிக்கொண்டு நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். தம்பி பெண்டாட்டி பால் ஊற்றப் போயிருந்தாள். உள்ளே அவன் பசுவின் விலாவில் நெற்றியை அழுத்தி, அதன் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ம்ம்ம் என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து வழிந்து சட்டை முழுக்க நனைந்திருந்தது. பசு அசையாமல் நின்றது. என் கையிலிருந்த சொம்பு தூணில் மோதி ஓசை கேட்டதும் அவன் திரும்பினான். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"எத்தன நாளாடா இப்படி?"

"மொதல்ல இருந்தேதான். காது, மண்ட, கழுத்து எல்லாம் சேந்து இழுக்குது. தண்ணி பட்டாக்கூட உசுரு போவுது."

"பின்ன ரெண்டுன்னு காட்டினியே?"

அவன் பசுவின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தான். "வலிக்குதுன்னா முத்திப் போச்சுன்னு திருப்பி அனுப்பிடுவாங்கக்கா. நொண்டற மாட்ட எவன் புடிப்பான்?"

ஆபரேஷன் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவன் வலியை மறைத்திருக்கிறான். மறைத்ததால் சாப்பிட முடியாமல் எடை குறைந்து, அந்த ஆபரேஷனே நடக்காமல் போகிற நிலைமை வந்துவிட்டது. அவனைத் திட்டவும் முடியவில்லை. ஏனென்றால் அதில் என் பங்கும் இருந்தது. வலியே இல்லை, இரும்பு உடம்பு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது நான். அதற்கு மேல் அவன் யாரிடம் போய் வலிக்கிறது என்று சொல்வான்? எனக்கு அவமானமாக இருந்தது. அவன் முகத்தை என் முந்தானையால் துடைத்துவிட்டு, நாளைக்கு முதல் பஸ்ஸில் சேலம் போகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

வழி நெடுக அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, அவர் வலி எவ்வளவு என்று கேட்டதும், மறுபடியும் இரண்டு விரலைக் காட்டினான். என்னைப் பார்த்துக் கண்ணையும் காட்டினான், பேசாமலிரு என்று.

எனக்கு வந்ததே கோபம். அவன் தோளிலிருந்த துண்டை உருவினேன். மேஜை மேல் அவன் கையை இழுத்து வைத்து, என் கையையும் வைத்து, துண்டைப் போட்டு மூடினேன்.

"இப்பச் சொல்லுடா. துண்டுக்குள்ள சொல்லு."

டாக்டர் அம்மா பேனாவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பியின் கை என் கைக்கு அடியில் அப்படியே கிடந்தது. சாட்டையும் கயிறும் பிடித்துக் காய்ந்துபோன கை. வெளியே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தலை நிமிரவே இல்லை. மெல்ல என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். ஐந்து. விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தான். நான்கு விரல்.

"ஒம்பதுங்க டாக்டர்" என்றேன்.

அவன் எதற்காக மறைத்தான் என்பதையும், நொண்டி மாட்டுக் கதையையும் நானே சொன்னேன். டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "வலிய வச்சு நாங்க அத முடிவு பண்றதில்லீங்க. ஸ்கேன் பாத்துதான் முடிவு பண்றோம். ஸ்கேன்ல ஆபரேஷன் பண்ற நெலமையிலதான் இருக்கீங்க. நீங்க சாப்பிடாம இளைச்சுப் போனாத்தான் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சைபரிலிருந்து பத்து வரை எந்த எண்ணைச் சொன்னாலும் அவனைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அன்று மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மணி பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றார். மூன்றாம் நாள் அவன் என் எதிரிலேயே உட்கார்ந்து முழுச் சொம்புக் கஞ்சியையும் குடித்தான். குடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கன்றுக்குட்டி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் மெஷினில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. என் அங்கன்வாடிப் பிள்ளைகள் எடை ஏறினாலும் சந்தோஷப்படுவேன், ஆனால் இந்த ஒன்றரைக் கிலோவுக்குப் பட்ட சந்தோஷம் வேறு.

கொடுத்த தேதியிலேயே ஆபரேஷன் நடந்தது. காலை ஏழு மணிக்கு உள்ளே போனவனை மாலை ஆறு மணிக்குத்தான் பார்க்க விட்டார்கள். முகம் எனக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. மூச்சுக்காகக் கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாய், கஞ்சிக்காக மூக்கில் ஒரு குழாய், காதிலிருந்து கழுத்து வரைக்கும் தையல். கழுத்துக் குழாய் இருக்கிறவரை பேச்சு வராது என்றார்கள். நான் பக்கத்தில் போனதும் போர்வைக்குள் என் கையைத் தேடி விரலைப் பிடித்தான். ஏழு. நான் நர்ஸிடம் சொன்னேன், உடனே ஊசி போட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். எண்ணைப் போர்வைக்குள் எனக்கு மட்டும் சொல்வான், நான் வெளியே சொல்வேன். சிலேட்டு கொடுத்தார்கள், அதில் கஞ்சி, பெட்பேன் என்று எழுதுவானே தவிர வலி என்று எழுதவே மாட்டான். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அதைக் காட்ட அவனுக்கு இன்னமும் மனம் வரவில்லை. நர்ஸ், டாக்டர் எல்லோரும் என்னைக் கேட்டே பழகிவிட்டார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஒரு தடவை அவன் ஐந்து என்றதை நான் ஆறு என்று கூட்டிச் சொல்லிவிட்டேன். அந்த வீங்கின முகத்தோடு என்னைப் பார்த்து முறைத்தானே ஒரு முறைப்பு!

பன்னிரண்டாம் நாள் கழுத்துக் குழாயை எடுத்து, ஓட்டையின் மேல் கட்டுப் போட்டார்கள். கட்டைக் கையால் அழுத்திக்கொண்டு பேசிப் பாருங்கள் என்றார்கள். அவன் பேசவில்லை. வாயாலேயே பிழைத்தவன் அல்லவா, எப்படிப்பட்ட குரல் வருமோ என்று பயந்தான். இரண்டு நாள் தலையை ஆட்டியே ஓட்டினான். அந்த வாய் இனி இப்படியே மூடிக் கிடந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் அம்மா ஏழெட்டு மாணவர்களோடு வார்டுக்கு வந்தார். வழக்கம் போல என்னைப் பார்த்து, "இன்னைக்கு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். தம்பி கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். மெல்ல எழுந்து உட்கார்ந்து, கழுத்துக் கட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

குரல் வந்தது. எச்சிலும் காற்றுமாகக் குழைந்து வந்தது. ஒரு மாணவி தரையைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டாக்டருக்குப் பிடிபடவில்லை. என்னைப் பார்த்து, "என்ன சொல்றார்?" என்றார்.

எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இத்தனை நாள் அவனுக்காகப் பேசிய வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அவனையே கேளுங்க டாக்டர்" என்றேன்.

அவன் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டான். மறுபடியும் கழுத்தை அழுத்தினான். இந்தத் தடவை கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னான்.

"வலிக்குதுங்க. ஆறு. மருந்து குடுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். நர்ஸ் ஊசி எடுக்கப் போனாள். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் யாரைப் பார்த்தும் தலையைக் குனியவில்லை. எனக்குக் கண்ணீர் கொட்டியது. அந்த டாக்டருக்கு எங்களை இத்தனை நாளாகத் தெரியும். ஆனாலும் யாரும் கேட்காமலே, அத்தனை பேர் முன்னாலும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"எந்தம்பிங்க."