மதகுக்காரியும் கஞ்சி அக்காவும்

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சி அக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஓட்டல் ஒன்றின் மேசை விரிப்புகளுக்குக் கஞ்சி போதவில்லை என்று சொல்லி, காய்ந்து முடிந்த முப்பது விரிப்புகளையும் திரும்ப நனைக்க வைத்தாள். "அக்கா உடம்புலயே கஞ்சி ஊறியிருக்கு போல, நிக்கிற விறைப்பப் பாரு" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கு இஸ்திரிப் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. பெரிய உருளை எந்திரத்தில் இரண்டு பேர் ஒரு பக்கம் படுக்கை விரிப்பைக் கொடுக்க, இரண்டு பேர் மறுபக்கம் வாங்கி மடிப்பார்கள். மடிக்கும் முன் அவள் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள். பொட்டளவு ஈரம் இருந்தாலும் துணி திரும்பிப் போக வேண்டியதுதான். கெஞ்சிப் பிரயோசனம் இல்லை. அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவளைக் கேட்டால் மட்டும் கதை வேறு. "நான் எதுலயும் அனுசரிச்சுப் போறவ. யார் என்ன சொன்னாலும் சரின்னுட்டுப் போயிடுவேன்" என்பாள். பொய்யில்லை, மனதார நம்பித்தான் சொல்வாள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவரவர் டிபன் பாக்ஸுக்குள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

சாப்பாட்டு அறையின் சுவரில் ஒரு டிவி உண்டு. மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு சீரியல் பார்ப்பது வழக்கம். ஐந்து வருஷம் அழுதுமுடித்து அந்த சீரியல் ஒருவழியாக நின்றபோது, ரிமோட் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை எடுத்தவர் பாய்லர்காரர். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகும் மனிதர், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் பாட்டுக்கு ஒவ்வொரு சேனலாக மாற்றிக்கொண்டே போய், தமிழில் குரல் கொடுத்த ஒரு ஜப்பானிய அனிமே தொடரில் நிறுத்திவிட்டார்.

"பொம்மைப் படமா அண்ணே?" என்று கேட்டாள், மடிப்பு மேசையில் நிற்கிற சிரிப்பு. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"பத்து நிமிஷம் பாப்போம்" என்றார் அவர்.

பத்து நிமிஷம் நாலு மாதமானது.

கதை இதுதான். கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு நகரம். கடலுக்கும் நகரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மதகு. அதைக் காப்பவள் பதினாறு வயதுப் பெண், நீல நிறத்தில் வெட்டுமுடி. மதகின் பக்கத்தில் ஒரு கல்தூண் நிற்கும். அதில் ஒரு சிவப்புக் குறி. தண்ணீர் அந்தக் குறிக்குக் கீழே இறங்கினால்தான் அவள் மதகைத் திறப்பாள். வியாபாரி வந்து நின்றாலும் சரி, மந்திரி வந்து நின்றாலும் சரி. ஆறாவது பகுதியில் ராஜாவே கப்பலில் வந்து வெளியே காத்திருந்தார். "தண்ணீர் குறிக்குக் கீழே இறங்கட்டும். அப்புறம் ராஜா உள்ளே வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு அறையில் கை தட்டிய சத்தம் உருளை எந்திரம்வரை கேட்டது.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் பட்டிமன்ற நேரமாகிவிட்டது. சிரிப்பு அந்தப் பெண்ணின் படத்தைத் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். லாரி டிரைவருக்கு அவளைப் பிடிக்கவில்லை. "ஒரு தடவையாவது சிரிக்குதா பாருங்க. இப்படி ஒண்ணு வீட்டுல இருந்தா சோறு எறங்குமா?"

பாய்லர்காரர் அன்றைய நாலு வார்த்தையை இதற்கே செலவழித்தார். "அது திமிர் இல்ல தம்பி. என் மீட்டர்ல முள்ளு சிவப்புக்குப் போனா, நானும் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்."

கஞ்சி அக்காவுக்கு வந்த எரிச்சலோ கொஞ்சநஞ்சமல்ல. "மதகைத் திறக்கலைன்னா போகட்டும். வயசுல பெரியவரு வந்து நிக்கிறாரு, எந்திரிச்சு நிக்கலாம்ல? வாய் நீளம். இவ்வளவு பிடிவாதம் ஒரு பொண்ணுக்கு ஆகாது" என்பாள். ஆனால் மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து ஆனால் முதல் நாற்காலியில் அவள்தான் இருப்பாள்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்த எரிச்சல் தணியாது. காய் நறுக்கிக்கொண்டே அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருப்பாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகளும் அந்தத் தொடரைப் பார்க்கிறவள்தான். அதன் ரசிகர்கள் கூடிப் பேசும் பக்கம் ஒன்று இணையத்தில் இருந்தது. "அம்மா, நீ திட்டுறத அப்படியே சொல்லு, நான் போடுறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர் என்ன போடுவது என்று யோசித்து, "கஞ்சி" என்றே போட்டாள்.

முதல் கருத்து இப்படிப் போனது: "மதகுச் சக்கரத்தை வெறுங்கையால திருப்புறா. அந்தக் குளிர்ல இரும்பு தோலை உரிச்சிடும். ஒரு துணியைச் சுத்திக்கோன்னு சொல்ல வீட்டுல ஆள் இல்லையா? தலையை ஒழுங்கா துவட்டவும் இல்ல. நாளைக்குச் சளி பிடிச்சா மதகை யார் பாப்பாங்க?"

அந்தப் பக்கத்தில் ஆளாளுக்கு ஒன்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்த தைரியத்தில்தான் என் அதிகாரியிடம் முதல் தடவையாக முடியாது என்று சொன்னேன் என்றாள் ஒருத்தி. இவள் கண்ணை வரைந்தவருக்கு ஒரு கும்பிடு என்றார் இன்னொருவர். சட்டம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அதனால் இவளையும் பிடிக்காது என்று ஒருவர் எழுதினார். இத்தனைக்கும் நடுவில், தலை துவட்டச் சொல்லித் திட்டும் ஒரு குரல் புதிதாக இருந்தது. நாளாக ஆக "கஞ்சி என்ன சொல்லுது?" என்று கேட்டே ஆட்கள் வந்தார்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் பார்க்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, அவள் சொல்ல மகள் எழுதினாள்: "பிடிக்காத பிள்ளைன்னா கண்ணை மூடிக்க முடியுமா? அதைத்தான் இன்னும் நல்லா கவனிக்கணும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. பெரிய ஓட்டல் ஒன்றில் மாநாடு. முந்நூறு படுக்கை விரிப்புகள் நாலு மணி லாரியில் போயாக வேண்டும். பாய்லரில் ஒரு வால்வு ஒழுகியதால் நீராவி குறைந்து, உருளையில் போதிய சூடு ஏறவில்லை. வந்த துணியெல்லாம் அரைகுறை ஈரம். மூன்றரைக்கு முதலாளி கண்ணாடி அறையை விட்டு இறங்கி வந்தார். அப்பாவுக்குப் பிறகு கூடத்தை நடத்துகிற இளவயதுக்காரர், தன்மையானவர்.

"அக்கா, லேசா ஈரம்தானே? ஏத்தி அனுப்பிடலாம். போற வழியில காஞ்சிடும்."

"மடிச்ச துணி எங்க சார் காயும்? காலையில பிரிச்சா வாடை அடிக்கும்."

"அது தெரியுது. ஆனா நாலு மணின்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"தரேன்னு சொன்னது நாலு மணியவா, சலவைத் துணியவா?"

முதலாளி தாமே தள்ளுவண்டியை நகர்த்தப் போனார். கஞ்சி அக்கா அதன் முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இந்த வண்டி என்னைத் தாண்டிப் போகாது."

சாதாரண நாளில் அவர் அவளுக்கு 'சார்'. 'தம்பி' என்று வாயில் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். உருளையை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "தண்ணீர் குறிக்குக் கீழே இறங்கட்டும்..."

முதலாளி திரும்பிப் பார்த்தார். சிரிப்புக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அப்புறம் ராஜா உள்ளே வரட்டும்" என்று மீதியை முடித்தார். கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் சாப்பாட்டு அறை டிவி நன்றாகவே தெரியும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது. சிரிப்பொலி அடங்க வெகுநேரமானது. அவர் ஓட்டலுக்குப் போன் போட்டு இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கினார். பாய்லர்காரர் வால்வைச் சரிசெய்தார். லாரி டிரைவர்கூடச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு துணி மடிக்க வந்து நின்றார். ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. தாமதத்துக்கு ஓட்டல்காரர்கள் முணுமுணுத்தார்கள். விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள், கஞ்சி அக்காவைத் தவிர. அந்த வாய்நீளக்காரியோடு தன்னைச் சேர்த்துப் பேசிவிட்டார்களே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் அந்தப் பொண்ணு மாதிரியா?"

"எந்தப் பொண்ணு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

இருபத்துநாலு வருஷக் குடித்தனம். எந்தச் சந்திப்பில் பிரேக் போட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் துணிந்துவிட்டார். "முடி மட்டும் வேற" என்றார்.

"அப்ப நான் அனுசரிச்சுப் போறதே இல்லையா?"

"யார் சொன்னா? நீ சொல்ற வழியில எல்லாரும் வந்தா நீயும் கூடவே வருவ."

அடுத்த அறையில் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அவளைக் கூப்பிட்டு விசாரித்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. இதே பேச்சு அந்த ரசிகர் பக்கத்தில் எப்போதோ வந்தாயிற்று. மகள்தான் படித்துக் காட்டாமல் மறைத்திருக்கிறாள். இப்போது வாசித்தாள். "கஞ்சி கண்டிப்பாக மதகுக்காரியின் அம்மாதான்." "வயதான மதகுக்காரி இப்படித்தான் பேசுவாள்." "இவரிடம் திட்டு வாங்க ஆசையாக இருக்கிறது." முப்பத்தேழு இருந்தன.

"ஏண்டி மறைச்ச?"

"சொன்னா திட்டுறத நிறுத்திடுவம்மா. அப்புறம் அந்தப் பக்கத்துக்கு யார் வருவாங்க?"

கஞ்சி அக்கா போனை மகள் கையிலேயே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிறந்த வீட்டில் பிடிவாதக்காரி என்பது பட்டமல்ல, வசவு. "இந்தக் குணத்தோட போற இடத்துல எப்படிக் குப்பை கொட்டப்போற?" என்று அவள் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். கல்யாணமானபோது, இனி எதற்கும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று அவள் தனக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். அதை இதுநாள்வரை காப்பாற்றிவருவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது முகம் தெரியாதவர்களெல்லாம் அதே குணத்தைச் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நாலைந்து நாள் கருத்து எதுவும் சொல்லாமலே இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் கதை திரும்பியது. புயலில் மீன்பிடிப் படகுகள் மதகுக்கு வெளியே சிக்கிக்கொண்டன. தண்ணீர் அவ்வளவு ஏறவில்லை, தூண்தான் மண்ணுக்குள் இறங்கிவிட்டது, அதோடு குறியும் இறங்கிவிட்டது, இப்போது திறக்கலாம் என்று ஒரு மீனவர் கத்தினார். மதகுக்காரி நம்பவில்லை. குறி குறிதான் என்றாள். பொழுது விடிந்து பார்த்தால் மீனவர் சொன்னதுதான் உண்மை. ஏழு படகுகள் நொறுங்கிப் போயிருந்தன. உயிர் தப்பியவர்கள் முன்னால் அவள் பேச்சற்று நின்றதோடு அந்தப் பகுதி முடிந்தது.

சாப்பாட்டு அறையில் அவரவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தார்கள். ரசிகர் பக்கத்திலோ ஒரே கூச்சல். நேற்றுவரை தலையில் வைத்து ஆடியவர்களே அவளைத் தூக்கிப் போட்டு மிதித்தார்கள். திமிருக்குத் தண்டனை என்றார்கள். சிரிப்புகூட அலமாரிக் கதவைத் திறக்கும்போது அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை கஞ்சி அக்கா மகளிடம் போனை வாங்கினாள். "நீ சொல்லும்மா, நான் அடிக்கிறேன்" என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, முக்கால் மணி நேரம் அடித்தாள்.

"அவ செஞ்சது தப்பு. பெரியவர் சொன்னப்ப காது குடுத்திருக்கணும். ஆனா அவ நூறு நாள் சரியா இருந்தப்ப உங்க வீட்டுல தண்ணி வரல. அதுக்கு நீங்க கை தட்டினீங்க. ஒரு நாள் தப்பா போச்சு, கல்லை எடுத்துட்டீங்க. தப்பை அவளே வாய் தெறந்து சொல்வா. அதை அவ வாயிலேர்ந்து நீங்க பிடுங்காதீங்க. எனக்கும் அந்தப் பொண்ணைப் பிடிக்காதுதான். ஆனா நாளைக்கும் மதகுல அவதான் நிக்கணும். வேற யார் வந்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

மகள் படித்துப் பார்த்தாள். "ரெண்டு எடத்துல எழுத்துப்பிழை இருக்கும்மா, சரிபண்ணட்டா?"

"இருக்கட்டும். நான் எழுதினதுன்னு தெரியணும்."

கூச்சல் உடனே நின்றுவிடவில்லை. ஆனால் அதற்குக் கீழே ஒவ்வொருவராக வந்து எழுத ஆரம்பித்தார்கள். அலுவலகத்தில் தான் செய்த ஒரு தவறை ஒத்துக்கொண்ட கதையை ஒருவர் எழுதினார். சட்டம் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது என்ற அதே ஆள், "கஞ்சி சொன்னதால் இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறேன்" என்று எழுதினார்.

மறுநாள் சலவைக்கூடத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்த கஞ்சி அக்கா, அதைத் திருப்பி அனுப்பும் முன் சற்று நின்று, "சிரிப்பு, நீயும் ஒருதடவ தொட்டுப் பாரு" என்றாள்.

சிரிப்பு தொட்டாள். "காஞ்சிருக்குக்கா."

"சரி, மடி" என்றாள் அக்கா. அதற்கடுத்த விரிப்பையும் சிரிப்பு காய்ந்துவிட்டது என்றாள். "அது ஈரம், நீ சும்மா இரு" என்று அக்கா அதைத் திருப்பி அனுப்பினாள்.

அடுத்த பகுதி ஒளிபரப்பான மதியம் முதலாளி தம் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்தார். மதகுக்காரி, படகு இழந்த ஏழு வீடுகளுக்கும் நடந்தே போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தப்பு தன்னுடையது என்றாள். ஐந்து வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள், இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவின் முன்னாலும் அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். லாரி டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கஞ்சி அக்கா அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்ததும் சாப்பாட்டில் கவனமானார்.

"என்ன அக்கா, இப்ப பிடிச்சிருக்கா அந்தப் பொண்ண?" என்று கேட்டார் முதலாளி.

"எங்க சார் பிடிக்கிறது? ஏழு வீடு நடந்தா, கால்ல செருப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனாள்.