இஸ்திரி போட்டுத் தந்த கோட்டு

என் கணவருக்குப் பினாங்கில் ஒரு கடையில் வேலை கிடைத்ததால், ஆலங்குடியிலிருந்து நாகப்பட்டினம் போய் இருவரும் கப்பல் ஏறினோம். மேல்தளத்தில் எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். எல்லோரிடமும் தாராளமாகப் பழகினார்.

கரை சேர்வதற்கு முதல் நாள், உப்புத் தண்ணீரில் அலசி விறைத்துப் போயிருந்த என் கணவரின் கோட்டைப் பார்த்தார். "அண்ணே, இதைப் போட்டுக்கிட்டா மொதலாளி முன்னாடி நிப்பீங்க? குடுங்க, கப்பல் அடுப்படியில இஸ்திரிப் பெட்டி இருக்கு, தேச்சுத் தாரேன்" என்று எடுத்துப் போனார்.

ஏனோ எனக்கு அது பிடிக்கவில்லை. காலையில் கொண்டு போனவர் மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை. ஒரு கோட்டைத் தேய்க்க அவ்வளவு நேரமா?

சாயங்காலம் கோட்டு பளிச்சென்று வந்தது. கையில் வாங்கியதும் கனமாகப் பட்டது. அதன் கீழ் ஓரத்தை நான் பழுப்பு நூலால் தைத்திருந்தேன். இப்போது அங்கே கறுப்பு நூல் இருந்தது.

"ஒனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்" என்று என் கணவர் அலுத்துக்கொண்டார். நான் கேட்காமல் பிரித்தேன். உள்ளே எண்ணெய்த்தாளில் தட்டையாகச் சுற்றிய அபின்! அவர் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரிகளிடம் சொன்னாலும் எங்களை நம்புவார்களா? யாரும் பார்க்காதபோது அதைக் கடலில் வீசிவிட்டு, ஓரத்தை மறுபடி தைத்தேன்.

மறுநாள் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வந்ததும் அந்த ஆள் ஓடி வந்தார்.

"அண்ணே, கோட்டு கசங்கிப் போச்சே. கழட்டுங்க, இன்னொரு தடவை தேச்சுத் தாரேன்."

"வேண்டாங்க, இப்ப லேசாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் முறைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்தார்.

இப்போதெல்லாம் சலவைக்குப் போன துணி வீடு திரும்பினால், ஓரங்களை விரலால் தடவிப் பார்த்த பிறகே பெட்டியில் வைக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.