மாறிப்போன துடிப்பு

இருபத்திரண்டு வருடம் வார்டில் நின்றே காலம் கழித்த அந்த நர்ஸுக்கு, உட்கார்ந்து பார்க்கும் வேலை முதலில் கூச்சமாக இருந்தது. முழங்கால் தேய்ந்துபோனதால் வீட்டுச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றல் வாங்கியிருந்தாள். பதினோரு நோயாளிகள், அவரவர் வீட்டிலேயே. ஒவ்வொருவர் நெஞ்சிலும் சின்னதாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அவர்களுடைய இதயத்துடிப்பு அங்கிருந்து கிளம்பி இவளுடைய திரையில் பச்சைக் கோடாக ஓடும்.

மதியத்தில் எல்லோரும் கண்ணயரும் நேரம் அவளுக்குப் பிடிக்கும். கோடுகள் ஒவ்வொன்றாகத் தணியும்போது, தானும் அவர்களோடு ஆழமில்லாத தண்ணீரில் மிதப்பதுபோல இருக்கும். பெயரைப் பார்க்காமலே யாருடைய கோடு என்று சொல்லிவிடுவாள்.

"நடையை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிறதில்லையா, அந்த மாதிரிதான்" என்பாள் மகளிடம்.

"நீ முழிச்சிக்கிட்டே கனவு காணுறம்மா" என்று மகள் சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநரின் கோடு தடம் மாறியது. ஆறு வாரத்துக்கு முன் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். நிதானமாக ஓடும் துடிப்பு, இரண்டு எட்டு வைத்து மூன்றாவதில் தடுக்கியது. உடனே போன் செய்தாள்.

"ஐயா, மூச்சு வாங்குதா? தலை சுத்துதா?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன் சிஸ்டர்." கொஞ்சம் தயங்கினார். "ஏன், ரொம்ப மோசமா காட்டுதா?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. ஆனால் தனக்காகப் பயப்படுகிறவரின் குரல் இல்லை அது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பினாள்.

ஓட்டுநரின் வீடு மூன்றாவது மாடியில். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலடியில் துடிப்பு சீராக நடந்தது. அவள் கொண்டுவந்திருந்த டேப்லெட்டிலோ கோடு இன்னும் தடுக்கிக்கொண்டிருந்தது. சட்டையை விலக்கிப் பார்த்தாள். நெஞ்சில் பட்டை ஒட்டியிருந்த தடம் மட்டும்தான் இருந்தது.

"பட்டை எங்க ஐயா?"

அவர் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம்.

"ரெண்டு மாசமா மாடி ஏறினா பாதியில நின்னுடுறா சிஸ்டர். டாக்டர்கிட்ட போலாம்னா, 'முதல்ல நீங்க தேறுங்க, அப்புறம் பார்க்கலாம்'னு தட்டிக் கழிக்கிறா. அதான், சளியை இழுக்கும்னு சொல்லி அவளுக்கு ஒட்டிவிட்டுட்டேன்."

"சளியை இழுக்கிற பட்டையாம்!" மனைவி ஈரக்கையோடு வந்து நின்றார். "நாற்பது வருஷத்துல இந்த மனுஷனுக்கு ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியாது. இதை மட்டும் நம்பித் தொலைச்சேன்."

"நடுவுல உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று ஓட்டுநரை நர்ஸ் கடிந்துகொண்டாள். பிறகு அந்த அம்மாவை உட்காரவைத்து நாடியைப் பார்த்தாள். திரையில் கண்ட அதே தடுமாற்றம். அன்று மாலைக்குள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை நிதானப்படுத்த ஒரு மாத்திரை. நாலாம் நாள் அந்த அம்மா வீடு திரும்பினார்.

அடுத்த வாரம் அவருக்கென்றே ஒரு பட்டை ஒட்டிவிடப் போனாள் நர்ஸ்.

"நான் இவர்கிட்ட கோவப்பட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமா சிஸ்டர்?"

"துடிப்பு ஏறினா தெரியும்மா."

"அப்போ கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருங்க. இன்னும் திட்டு பாக்கி இருக்கு."

ஓட்டுநர் விட்டத்தைப் பார்த்தார். நர்ஸ் சிரித்தபடி மெதுவாகப் படியிறங்கினாள்.