கணக்கில் சேராத புகை

அன்று காலை சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. பள்ளிக்குக் கிளம்பிக் காரில் ஏறிய என் மகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "இஸ் தட் த மூன், அம்மா?" என்று கேட்டாள். வானம் பால் அதிகமாகிப்போன டீ நிறத்தில் கிடந்தது. தண்ணீர் தெளித்து அணைத்த விறகின் வாடை காருக்குள்ளும் வந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி. டெக்சாஸில் இருந்தோம். மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கேயும் காடுகள் எரிகின்றன, அந்தப் புகைதான் கடல் தாண்டி வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். சொன்ன கையோடு பேஸ்பால் செய்திக்குப் போய்விட்டார்கள்.

பள்ளியில் அன்று விளையாட்டு விழா. மகளுக்கு ஆஸ்துமா உண்டு என்பதால் பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். கார்ப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாகும் ஓசோனுக்கு எச்சரிக்கை வந்தால் மட்டுமே பிள்ளைகளை உள்ளே வைப்போம், இன்றைக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை என்றார் அங்கிருந்த பெண், மிகவும் அன்பாக. மதியம் அவரே என் வேலையிடத்துக்கு போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மகள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் கழுத்துக்குக் கீழே தோல் உள்ளே குழிந்தது. பக்கத்துத் திரைகளுக்குப் பின்னாலிருந்தும் குழந்தைகளின் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு அங்கிள் வந்தார். உறவில்லை. திருநெல்வேலிக்காரர், எங்கள் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் மூத்தவர், காற்றின் தரத்தைக் கண்காணிக்கும் உள்ளூர் அலுவலகத்தில் பொறியாளர். பொங்கல் விருந்துகளில் தயிர்சாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கார்ப் புகையைப் பற்றியும் எண்ணெய் ஆலைகளைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார். நாங்கள் நைசாக நழுவுவோம். அன்று நானே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்குக் காத்து எவ்வளவு மோசம் அங்கிள்? உங்ககிட்ட நம்பர் இருக்குமே?"

"இல்லம்மா. தூசி அளக்குற ஃபில்டர் ஆறு நாளைக்கு ஒரு தடவைதான் ஓடும். இன்னைக்கு ஓடல. ஓடியிருந்தாலும் லேபுக்குப் போய் எடை போட்டு வர வாரக்கணக்குல ஆகும்."

"அப்புறம் எதுக்கு அங்கிள் அந்த மெஷினு?"

"வருஷக் கடைசியில ஊரு பாஸா ஃபெயிலான்னு பாக்க" என்றார். சொன்னபிறகு மகளின் முகமூடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சும்மா இருக்கிற மனிதர் இல்லை அவர். மறுநாளே மேலதிகாரியிடம் சண்டை போட்டு ஃபில்டரைத் தினமும் ஓட வைத்தார். பொது எச்சரிக்கை விடலாம் என்றும் கேட்டார். வேறு நாட்டுப் புகைக்கு நாம் என்ன செய்ய முடியும், ஜனங்களைப் பயமுறுத்தாதே என்று பதில் வந்தது. உடனே பள்ளிக்கூடங்களுக்குத் தானே ஒவ்வொன்றாக போன் போட்டு, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று சொல்லத் தொடங்கினார். சில பள்ளிகள் கேட்டன. சில பள்ளிகள், இது அதிகாரபூர்வமான அறிவிப்பா என்று அவர் அலுவலகத்துக்கே திருப்பி போன் செய்து விசாரித்தன. அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

புகை போனபிறகு வந்தன எண்கள். அனுமதித்த அளவுக்கு மிக மேலே. அப்போதுதான் எனக்கு அந்த விதி தெரியவந்தது. காட்டுத்தீ போன்ற, ஊர் தடுக்க முடியாத காரணத்தால் காற்று கெட்டுப்போனால், அதை நிரூபித்து அந்த நாட்களைத் தேர்ச்சிக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். நிரூபிக்கும் வேலையை அங்கிளிடமே கொடுத்தார்கள். செயற்கைக்கோள் படங்கள், காற்று வீசிய திசை, புகை வந்த வழி என்று எல்லாவற்றையும் சேர்த்து அவர் எழுதினார்.

பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு நான் போனேன். நூலக அறையில் நாற்காலிகள் பெரும்பாலும் காலி. மேடையில் கோட்டும் டையுமாக அங்கிள். என் முறை வந்ததும் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டேன்: என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் நீங்கள் விலக்கும் நாட்களில் இருக்கின்றனவா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். விதியின் எண்ணைச் சொன்னார், பிரிவைச் சொன்னார், இது தேர்ச்சியைத் தீர்மானிப்பதற்கு மட்டுமே, உடல்நலத்தைப் பற்றிய கருத்து அல்ல என்றார். யாரோ முன்பின் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல என்னை 'மேடம்' என்று அழைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

விதியில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கோ எரிந்த காட்டுக்கு எங்கள் ஊரைத் தண்டித்தால், இங்கே புது ஆலையும் வராது, சாலைக்குப் பணமும் வராது. அது புரிந்தது. ஆனால் தீர்ப்பிலிருந்து விலக்கிய நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சிலிருந்தும் விலகின. நகராட்சிச் செய்திமடலில் அந்த ஆண்டு எங்கள் காற்று தேர்ச்சி பெற்றது என்று போட்டிருந்தார்கள். புகை என்ற சொல்லே அதில் இல்லை. பள்ளியில் எச்சரிக்கை முறையை மாற்றுங்கள் என்று நான் கேட்டபோது அந்தச் செய்திமடலையே எடுத்து என்னிடம் நீட்டினார்கள்.

இப்போது நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே காடு எரிந்தால் அடுத்த சில நிமிடங்களில் போனில் எண் வந்துவிடுகிறது. பிள்ளைகளை உள்ளே வைக்கிறார்கள். அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் புகை வரும் நாட்களைக் கணக்கிலிருந்து விலக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது. புகை ஒவ்வொரு கோடையும் வருகிறது, ஒவ்வொரு முறையும் அது விதிவிலக்கு. செய்தியில் அதைப் படிக்கும்போதெல்லாம் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மாலைதான் மனதில் வருகிறது.

ஊர் தேர்ச்சி பெற்றதற்கு அவர் அலுவலகத்தில் விருந்து வைத்திருந்தார்கள். அறிக்கையை எழுதியவர் என்று அவருக்கு ஒரு ஷீல்டும் கொடுத்தார்களாம். முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காபி கொடுத்தேன். மகள் வந்து "ஹாய் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, ஓடிவந்த மூச்சு இரைக்க, சோபாவில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சினாள். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷீல்டு எங்கே அங்கிள்? காட்டுங்களேன்" என்றேன், குத்தலாகவே.

"டிக்கியில கிடக்கு. இந்த வீட்டுக்குள்ள எடுத்துட்டு வர மனசு வரல."

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"நான் எழுதினதுல ஒரு வரி பொய் இல்லம்மா" என்றார். "ஒரு வரியாவது பொய்யா இருந்தா அதைப் பிடிச்சுச் சண்டை போட்டிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் போச்சு."